வீட்டுக்கே வரும் ஆஸ்பத்திரி... யார் வீட்டுக்கு?

ஒரு தெருவை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கோடியில் ஒரு சொந்த வீடு. அந்த வீட்டுப் பெரியவருக்கு 70 வயது. பல வருடமாகச் சர்க்கரை. காலில் சின்னதாய் ஒரு கீறல் பட்டிருக்கிறது, கவனிக்கவில்லை. இரண்டே நாளில் முழங்கால் வரை சிவந்து வீங்கி, தொட்டால் நெருப்பாய்ச் சுடுகிறது. கூடவே குளிர் ஜுரம். 'செல்லுலைட்டிஸ்' என்கிறார் டாக்டர். தோலுக்கடியில் கிருமி பரவிவிட்டது. மாத்திரை போதாது, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

அதே தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள். அதில் ஒன்றில் குடியிருக்கும் கொத்தனாருக்கும் அச்சு அசலாக அதே வியாதி. அவர் அரசு ஆஸ்பத்திரியில். அவருடைய மனைவிதான் கோடி வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்.

மூன்றாம் நாள் இருவருக்குமே ஜுரம் விட்டுவிட்டது. ஆனால் ஊசி இன்னும் ஐந்து நாள் போட்டாக வேண்டும். பெரியவரின் மகள் கேட்கிறார்: "டாக்டர், இனிமே இங்க சும்மாதானே படுத்திருக்கார்? வீட்டுலயே வச்சு ஊசி போட்டுக்க முடியாதா?"

"தாராளமா! தினமும் ஒரு நர்ஸ் வருவாங்க. நான் சாயங்காலம் வீடியோவுல பார்த்துக்கறேன்."

அரசு ஆஸ்பத்திரியில் கொத்தனாரின் மனைவியும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறார்: "வீட்டுக்கு அனுப்பிடுங்களேன் டாக்டர். இவரு கூடவே இருந்தா நான் எப்படி வேலைக்குப் போறது?"

"வீட்டுல யாரும்மா ஊசி போடுவாங்க?"

அதற்கு அந்த அம்மாவிடம் பதில் இல்லை. அடுத்த நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கணவரை அழைத்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்? பாதியில் நின்ற ஆன்டிபயாடிக்... கிருமி திரும்ப வரும், சில சமயம் ரத்தத்திலேயே கலக்கும். ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவருக்கு வீட்டுக் கட்டிலும் ரசம் சாதமும். இன்னொருவருக்கு வேலையா, காலா என்ற கேள்வி!

கற்பனைத் தெருதான். ஆனால் உங்கள் தெருவைப்போல இல்லையா?

இது நர்ஸ் வைத்துக்கொள்வது மட்டும் அல்ல

'வீட்டில் ஆஸ்பத்திரி' என்றால் என்ன என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு அட்டெண்டர் வைத்துக்கொள்கிறோமே, அது அல்ல. குடும்ப டாக்டர் பெட்டியோடு வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போவதும் அல்ல. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியே தீர வேண்டிய ஒரு நோயாளிக்கு, அங்கே கிடைக்கும் ட்ரிப்ஸ், ஊசி, ஆக்சிஜன், ரத்தப் பரிசோதனை, தினசரி டாக்டர் கவனிப்பு எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவருவது. கேஸ் ஷீட்டும் உண்டு. நிலைமை மோசமானால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஏற்பாடும் உண்டு.

எல்லா நோய்க்கும் இது சரிப்படாது. நிமோனியா (மூச்சுத் திணறல் அதிகம் இல்லாதது), தோல் தொற்று, சிறுநீர்த் தொற்று, இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொள்வது, பழைய நுரையீரல் நோய் கொஞ்சம் கிளம்புவது... இவற்றில் பலரை வீட்டிலேயே பார்க்கலாம். நெஞ்சுவலி, வாய் கோணுவது, கை கால் திடீரென விழுந்துபோவது, பிரஷர் விறுவிறுவென்று இறங்குவது, இதற்கெல்லாம் வீட்டைப் பற்றிப் பேசவே கூடாது. நேராக ஆஸ்பத்திரி!

வீட்டில் பார்ப்பதில் லாபம் நிறைய. வயதானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ராத்திரியில் இடம் தெரியாமல் குழம்பிப் பிதற்றுவார்கள், பார்த்திருப்பீர்கள். படுத்தே கிடந்து கால் சோர்ந்துபோகும். ஆஸ்பத்திரிக் கிருமி புதிதாய் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இந்தத் தொல்லைகள் குறைவு. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1990களிலேயே இதைச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். பாஸ்டனில் 91 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2020ல் அச்சில் வந்தது. சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, சிலரை வீட்டிலும் சிலரை ஆஸ்பத்திரியிலும் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஆன செலவு 38 சதவீதம் குறைவு. அவர்கள் அதிகம் எழுந்து நடமாடினார்கள். 30 நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வீட்டுக் கோஷ்டியில் 7 சதவீதம், ஆஸ்பத்திரிக் கோஷ்டியில் 23 சதவீதம்.

பிரமாதம் என்று கை தட்டுவதற்கு முன், அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், சுமார் 5 மைலுக்குள் வீடு இருக்க வேண்டும். வீடே இல்லாதவருக்கு இடமில்லை. குழாயில் தண்ணீர் வராத வீடு, குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யாத வீடு, இவையும் கிடையாது. வீட்டில் அடி உதைக்கு ஆளாகிறவர் என்று தெரிந்தால் அவரையும் சேர்ப்பதில்லை. டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது, நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் விளைவு? யார் வீடு ஏற்கெனவே நன்றாக இருக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் ஆஸ்பத்திரியும் போகிறது.

கொரோனா சமயத்தில், 2020 நவம்பரில், அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு ஒரு காரியம் செய்தது. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகள் வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிக்கும், உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுக்கச் சம்மதித்தது. நிபந்தனை உண்டு: ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு தடவை ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவசரமென்றால் 30 நிமிடத்துக்குள் உதவி போய்ச் சேர வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வெகு தொலைவில் கிராமத்தில் இருப்பவர் வீட்டுக்கு 30 நிமிடத்தில் யார் போவது?

நம் வீட்டுக் கணக்கு

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் கெட்டவருக்கு வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைக்கச் சொல்கிறார்கள். 5 லிட்டர் மெஷின் சுமார் 300 வாட் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த மெஷின் ஒன்றே அதை இரண்டு வாரத்தில் தின்றுவிடும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வேண்டும், அதுவும் போனால் சிலிண்டர் ஒன்று தயாராக நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தால் இந்த கரண்ட் பில் யார் தலையில்? ஆஸ்பத்திரி தலையில். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தலையில். (போகிறபோக்கில் ஒன்று: 'மூச்சு வாங்குதே' என்று மெஷினில் லிட்டரை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். நாட்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் ஆபத்து. டாக்டர் சொன்ன அளவில்தான் இருக்க வேண்டும்.)

கரண்ட் பில்லாவது கண்ணுக்குத் தெரிகிறது. பில்லில் வராத ஒரு செலவு இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நர்ஸ் வருகிறார், ஊசி போடுகிறார், ஒன்பதுக்குப் போய்விடுகிறார். மிச்சம் 23 மணி நேரம்? ட்ரிப்ஸ் தீர்ந்ததா, கை வீங்கியதா, யூரின் எவ்வளவு போனது, ராத்திரி இரண்டு மணிக்கு ஜுரம் எவ்வளவு... இதையெல்லாம் பார்ப்பது யார்? மனைவி, இல்லையென்றால் மருமகள். லீவு போடுவதும் அவரே, தூக்கம் கெடுவதும் அவரே. அடுத்த மாதம் அவருக்கே முதுகுவலி என்று டாக்டரிடம் போவார், அதையும் யாரும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். "வீட்டுல பார்த்தா செலவு பாதிதான்" என்று யாராவது சொன்னால், பாதியை யார் தோளுக்கு மாற்றினார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து வருவது என்று முடிவெடுக்கும்போது, அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பல வீடுகளில் கேட்பதே இல்லை.

அட்டெண்டரை நர்ஸ் என்று சொல்லி அனுப்பும் ஏஜென்சிகளும் உண்டு. நரம்பு வழி ஊசி போட வருகிறவர் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தப்பே இல்லை. கூச்சப்படாதீர்கள்.

பாலிசியில் ஒரு சின்ன எழுத்து

"மெடிக்ளெய்ம் இருக்கே, அது கொடுத்துடும்" என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பாலிசிப் புத்தகத்தை எடுத்து 'டொமிசிலியரி ஹாஸ்பிடலைசேஷன்' என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். வீட்டிலேயே ஆஸ்பத்திரி வைத்தியம் பெறுவதைப் பற்றிய பகுதி அதுதான். பல பாலிசிகளில் அது சொல்வது இது: சிகிச்சை மூன்று நாளுக்கு மேல் நடந்திருக்க வேண்டும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு நகர்த்தவே முடியாத நிலை இருந்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். 'வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு நிம்மதி' என்பது காரணமாகாது!

அதோடு விட்டதா? விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். ஆஸ்துமா, பிராங்கைட்டிஸ், வயிற்றுப்போக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டுவாதம், மனநோய்கள், நாட்பட்ட சிறுநீரக நோய்... பழைய பாணிப் பாலிசிகளில் இவை எதற்கும் வீட்டுச் சிகிச்சைப் பணம் கிடையாது. வீட்டில் வைத்துப் பார்க்க ஏற்ற நோய்களில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது, பாருங்கள் வேடிக்கையை!

மனசு வைத்தால் முடியாதது இல்லை. 2020 ஜூலையில் வந்த 'கொரோனா கவச்' பாலிசியில், டாக்டர் எழுதிக்கொடுத்து, தினசரி சார்ட் பராமரித்தால், வீட்டில் பார்த்த சிகிச்சைக்கு 14 நாள் வரை பணம் கொடுத்தார்கள். கொள்ளைநோய்க்கு முடிந்தது நிமோனியாவுக்கு முடியாதா என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் கேட்க வேண்டிய கேள்விதான். இப்போது விற்கும் சில பாலிசிகளில் வீட்டுச் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறார்கள். புதுப்பிக்கும்போது கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் படுத்த பிறகு படித்துப் பிரயோஜனம் இல்லை.

அப்படியும் பாலிசி இருப்பவருக்கு ஒரு வழியாவது உண்டு. கொத்தனாரிடம் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. பெரிய ஆபரேஷனுக்கெல்லாம் அது கை கொடுக்கும். ஆனால் இத்தகைய அரசுக் காப்பீடுகள் அடிப்படையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காகக் கட்டப்பட்டவை. வீட்டுக்கு நர்ஸ் வந்து ஊசி போட்டால் அந்த அட்டையை எங்கே நீட்டுவது?

240 லிட்டர் தண்ணீரும் ஒரு சுத்தமான மூலையும்

வீட்டுச் சிகிச்சை என்றாலே வசதியானவர்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மாறான ஒரு உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அது டயாலிசிஸ்.

கிட்னி செயலிழந்தவர்களுக்கு மெஷின் டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். சென்டர் பக்கத்திலேயே இருந்தால் சரி. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தால்? வாரத்தில் மூன்று நாள் பஸ், துணைக்கு ஒரு ஆள், இருவர் கூலியும் போச்சு. டயாலிசிஸ் இலவசமாகவே கிடைத்தாலும், போய்வரும் செலவு தாங்காமல் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் முடிவு என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு முறை சி.ஏ.பி.டி. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். இரண்டு லிட்டர் பையிலுள்ள திரவத்தை அதன் வழியே வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். வயிற்றின் உள்சவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் அரைமணி போலாகும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், பஸ் வேண்டாம். நோயாளி தானே செய்துகொள்ளலாம், மற்ற நேரத்தில் கடையில் உட்காரலாம், தையல் தைக்கலாம்.

தூரத்துக் கிராமத்துக்காரருக்குத்தானே இது முதலில் போயிருக்க வேண்டும்? ஆனால் பையின் விலை காரணமாகப் பல காலம் இது பணம் உள்ளவர்கள் சிகிச்சையாகவே இருந்தது. 2016ல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டமும் முதலில் மெஷினைத்தான் நம்பியது. இந்த வயிற்று டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல் 2019ல்தான் வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை இவற்றோடு சி.ஏ.பி.டி. பைகளையும் சேர்த்தார்கள். பலருக்கு இந்த விவரமே தெரியாது. உங்களுக்குத் தெரிந்த யாராவது டயாலிசிஸுக்காக அலைந்துகொண்டிருந்தால், "எனக்கு சி.ஏ.பி.டி. ஒத்துவருமா?" என்று கிட்னி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒத்துவராது, வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கஷ்டம்.

இதிலும் வீடு குறுக்கே வரும். நான்கு பை வீதம் மாதம் 120 பை, 240 லிட்டர். ஒற்றை அறை வீட்டில் அத்தனை பெட்டிகளை எங்கே அடுக்குவது? பை மாற்றும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகமூடி போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிடும். வடியும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆகவே பையைக் கொடுத்தால் மட்டும் போதாது. பயிற்சி கொடுக்கவும், வீட்டை வந்து பார்க்கவும், சந்தேகம் கேட்டால் போனை எடுக்கவும் ஆள் வேண்டும்.

ஆள் இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலிக்குப் போக வேண்டும். காடும் மலையும் நிறைந்த மிகப் பின்தங்கிய மாவட்டம். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியின் 'சர்ச்' அமைப்பு 39 கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தை வைத்தியத்தில் பயிற்சி கொடுத்தது. குழந்தையை எடைபோடுவது, கதகதப்பாக வைப்பது, மூச்சை எண்ணுவது மட்டுமல்ல. ரத்தத்தில் கிருமி கலந்த அறிகுறி தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசி போடுவதும்கூட. "படிக்காத பொம்பளைங்க கையில ஊசியா?" என்று டாக்டர் உலகம் பதறியது. 1993-95ல் அந்தக் கிராமங்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு 62 குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்துகொண்டிருந்தன. 1997-98ல் அது 25.5 ஆனது. 1999ல் 'லான்செட்' இதழில் இது வெளியானபோது பதறியவர்கள் வாயடைத்துப்போனார்கள். ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாட்டை 2011ல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்ததற்கு இதுவே வேர்.

பாஸ்டனில் வீட்டுக்கு ஹீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியை அனுப்பினார்கள். கட்சிரோலியில் மண்குடிசையை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்குள் எப்படி வைத்தியம் செய்வது என்று யோசித்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டுக்கு ஆஸ்பத்திரியை அழைக்கும் நாள் வந்தால், கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தால் எடுப்பது டாக்டரா, ஏஜென்சி பையனா? நிலைமை மோசமானால் அதே ஆஸ்பத்திரியில் பெட் நிச்சயமா, அல்லது புதிதாக அட்மிஷன் போட்டு முதலிலிருந்தா? மொத்தச் செலவு எவ்வளவு, அதில் இன்ஷூரன்ஸ் எவ்வளவு? டாக்டரே, "பெட் வேணும், சீக்கிரம் கிளம்புங்க" என்ற தோரணையில் பேசினால், இது நோயாளிக்காகவா பெட்டுக்காகவா என்று யோசியுங்கள். உங்களுக்குத் தெம்பு இல்லையென்றால் 'வேண்டாம்' என்று சொல்லவும் உரிமை உண்டு.

இன்னொன்று, ஊசி. ஆஸ்பத்திரியில் உபயோகித்த ஊசியைத் தனிப் பெட்டியில் போடுவார்கள். வீட்டில்? பாலிதீன் கவரில் சுற்றிக் குப்பையில்! மறுநாள் குப்பையைப் பிரிக்கும் துப்புரவுப் பணியாளரின் விரலில் அது ஏறும். மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் அப்படியும் பரவலாம். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திருகு மூடியால் மூடி, நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். வாங்கிக்கொள்வது அவர்கள் கடமை.

பின்வீட்டுக் கொத்தனாரை மறந்துவிடவில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் குடும்பத்தில் இப்படி ஒரு நிலைமை வந்தால், அட்வான்ஸாக ஐந்நூறு ரூபாய் கொடுப்பதைவிட உருப்படியான ஒரு உதவி உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய், அந்த டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஒரு நாளைக்கு ஒரு தடவை போடுற ஊசியா மாத்த முடியுமா சார்? முடியும்னா, எங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, அங்கேயே தினம் காலையில போட்டுக்கட்டும்." எல்லா மருந்திலும் இது முடியாது, எல்லா நோயாளிக்கும் சரிவராது. முடிகிற இடத்தில் டாக்டர்கள் மறுப்பதில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை. லெட்டரில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் பாக்கி, என்ன அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும் என்று நாலு வரி இருந்தால் போதும். அந்த ஐந்து நாளும் பாத்திரம் தேய்க்க ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம் என்று அந்த அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.